பூரணியின் எண்ணெய்ச் சட்டி

போர்ட் ஒஃப் ஸ்பெயின், ட்ரினிடாட்
8 பெப்ரவரி 2024

அக்கா,

நான் புறப்பட்ட நாளிலிருந்து உன் போன் செத்துக் கிடக்கிறது. நீயே அணைத்து வைத்திருக்கிறாயா, மச்சான் பிடுங்கி வைத்திருக்கிறாரா, தெரியவில்லை. தோட்டத்து விலாசத்துக்கு எழுதினால் ஆபீசிலேயே கிடந்து மக்கும். அதனால் கொட்டகலை பஜாரில் பக்கீர் நானா கடைக்கு எழுதுகிறேன். அவர் மகள் ரிஃப்னா உன்னோடு படித்தவள்தானே, உன் கையில் சேர்ப்பாள்.

கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் சமையல்காரருக்குக் கையாளாக இருக்கிறேன். சில நாள் கடலில், சில நாள் இந்தத் துறைமுகத்தில். கரையில் நிற்கும்போது கப்பலுக்குள் இருக்க முடிவதில்லை. சும்மா படுத்தால் அன்று நடந்ததெல்லாம் கண்ணுக்குள் வருகிறது. அதனால் இறங்கி நடக்கிறேன். எங்கே புகை வருகிறதோ அங்கே நிற்பேன், கொடுப்பதைத் தின்பேன், மறுபடி நடப்பேன்.

துறைமுக வாசலுக்கு எதிரே நீளமான ஒரு சதுக்கம். அதன் ஓரத்தில் காலையில் ஒரு பெண் பெட்டி வைத்து விற்கிறாள். மஞ்சள் போட்டுப் பிசைந்த மாவை உள்ளங்கையளவு தட்டி, எண்ணெயில் போட்டு எடுத்த ரொட்டி. பெயர் பாரா. இரண்டு பாராவைச் சேர்த்து வைத்து நடுவில் கடலைக்கறி ஊற்றி, கொச்சிக்காய்ச் சாறு, புளி, வெள்ளரித் துருவல் போட்டுத் தாளில் சுற்றித் தருகிறாள். இரண்டு இருப்பதால் அதற்கு டபிள்ஸ் என்று பெயர். நின்றபடியே தின்ன வேண்டும். கறி முழங்கை வரை வழியும். முதல் நாள் காரம் தாங்காமல் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் சிரித்துவிட்டுப் பெயர் கேட்டாள். தன் பெயர் சான்ட்ரா மூன்சாமி என்றாள். முனுசாமி, அக்கா! அந்தக் காலத்தில் கப்பலேறி இங்கே கரும்பு வெட்ட வந்த யாரோ ஒரு முனுசாமி. அவளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. முகம் மட்டும் நம் தோட்டத்து லயத்து முகம்.

மச்சானின் விரல்களைப் பற்றி மன்னிப்புக் கேட்டு எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. உன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்த கையை வெட்டினேன். மறுபடி அதைப் பார்த்தால் மறுபடி வெட்டுவேன். ஒன்றுதான் கேட்கிறேன். இப்போதும் உன்மேல் கை வைக்கிறாரா?

தர்ஷன்


மேல்கணக்கு, கொட்டகலை
17 மார்ச் 2024

தம்பி தர்ஷனுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். ரிஃப்னா தாளையும் பேனாவையும் கடை மேசையில் வைத்து, "எழுதாம இங்கேருந்து போகக்கூடாது" என்று முன்னால் நிற்கிறாள்.

போனை அவர் சுவரில் அடித்து உடைத்துவிட்டார். அது உடைந்ததும் நல்லதுதான். போனில் நீ கத்துவாய். தாளில் கத்த முடியாது.

கை வைக்கிறாரா என்று கேட்கிறாய். நீ வெட்டியது வலது கையை. இரண்டு விரல் போன கையால் கவ்வாத்துக் கத்தி பிடிக்க முடியாது என்று தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார். இப்போது இடது கையால் அடிக்கிறார். இடது கைக்கு அளவு தெரியவில்லை. முன்பு எங்கே விழும் என்று எனக்குத் தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது தெரிவதில்லை. ஒரு காதில் இரைச்சல் வந்துவிட்டது.

நீ வெட்டிவிட்டுக் கப்பலேறினாய். நான் இங்கேதான் இருக்கிறேன். அன்று பொலிஸ் வந்தபோது கத்தி தவறிப் பட்டது என்று சொன்னவளும் நான்தான். உன்னைப் பிடித்துப் போய்விடுவார்களே என்று சொன்னேன். அதற்காகவும் அடி வாங்கினேன். உன்னை யாரடா கேட்டது?

நிலக்ஷி நன்றாகப் படிக்கிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் புத்தகத்தை மூடிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

அந்த ரொட்டியை எண்ணெயில் போட்டால் மொறுமொறு என்று ஆகிவிடாதா? எப்படி மடிக்க முடிகிறது? எந்த மா என்று அந்தப் பெண்ணிடம் கேள்.

பூரணி


போர்ட் ஒஃப் ஸ்பெயின்
21 ஏப்ரல் 2024

அக்கா,

உன் கடிதத்தைக் கப்பல் சமையலறையில் நின்று படித்தேன். கையில் இருந்த தட்டை எறிந்தேன், அது சமையல்காரரின் தோளில் பட்டது. இரண்டு நாள் கரையிறங்கத் தடை போட்டார்கள். மூன்றாம் நாள் இறங்கி, வெயிலில் கால் கொப்பளிக்கும்வரை நடந்தேன். சார்லட் தெரு என்று ஒரு சந்தைத் தெரு. பன்றிக்காலை எலுமிச்சையும் கொச்சிக்காயும் போட்டுக் குளிரவைத்து விற்கிறார்கள். சேம்பிலையை அரிந்து மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். அதற்கு சஹீனா என்று பெயர். எல்லாவற்றையும் தின்றேன். எதுவும் ருசிக்கவில்லை. மச்சானின் இடது கைதான் கண்ணில் நின்றது.

மறுநாள் காலையில் மூன்சாமியின் பெட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவன் பச்சைச் சட்டைக்காரன். "காரம் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் இருந்தவன் இறங்கவே இல்லை. இருந்தபடியே கையை நீட்டிச் சுட்டான். பட்டாசு மாதிரிச் சத்தம். பச்சைச் சட்டைக்காரன் என்மேல் சாய்ந்தான். நான் பிடித்தேன். அவன் கழுத்திலிருந்து சூடாக என் சட்டைக்குள் இறங்கியது. வண்டி போய்விட்டது. மூன்சாமி முதலில் செய்தது கடலைக்கறிப் பாத்திரத்தை மூடியதுதான். பிறகுதான் அலறினாள். அவன் என் மடியிலேயே செத்தான், அக்கா. கையில் காசுத் தாளைப் பிடித்தபடியே.

அந்த நேரத்தில் நான் பயப்படவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. என் கை இடுப்பில் கத்தியைத் தேடியது.

அடுத்த வாரம் அவள் அதே இடத்தில் கடை போட்டாள். நீ கேட்டதைக் கேட்டேன். கோதுமை மாதான். மஞ்சள், உப்பு, ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர். மா கையில் ஒட்டுகிற அளவுக்கு இளக்கமாக இருக்க வேண்டும். பொங்கியதும் கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு தட்ட வேண்டும். கொதிக்கிற எண்ணெயில் போட்டதும் திருப்பு, திருப்பியதும் எடு. எடுத்ததைத் துணிக்குள் அடுக்கி மூடு. அந்த ஆவியில்தான் அது மெத்தென்று ஆகிறது.

ஒக்டோபரில் ஒப்பந்தம் முடிகிறது. வந்து பாக்கியை முடிக்கிறேன்.

தர்ஷன்


மேல்கணக்கு, கொட்டகலை
2 ஜூன் 2024

தர்ஷன்,

அந்தப் பச்சைச் சட்டைக்காரனுக்காக இங்கே கோயிலில் ஒரு விளக்கு வைத்தேன். பெயர் தெரியாததால் சட்டையின் நிறத்தைச் சொல்லி வைத்தேன்.

பாரா சுட்டேன். முதல் தடவை கல்லாக வந்தது. அடுத்த தடவை துணியில் மூடி வைத்தேன், மடிக்க வந்தது. நிலக்ஷி தின்றுவிட்டு விரலை நக்கினாள். ரிஃப்னாவுக்கும் கொண்டுபோனேன். அவள் தின்றுகொண்டே கடை வாசலைக் காட்டி, "இந்த மூலையில ஒரு மேசை போடு பூரணி. வாப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். மறுநாள் மேசை இருந்தது.

தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்டேன். விடியற்காலையில் வீட்டில் பாரா சுட்டு, கறி வைத்துக்கொண்டு, காலை பஸ்ஸில் பஜாருக்குப் போகிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஓட்டோக்காரர்களும் வாங்குகிறார்கள். உன் கூட்டாளி மதுரன் ஓட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, "அக்கா, ரெட்ட ரொட்டி ஒண்ணு" என்பான். இப்போது எல்லாரும் ரெட்ட ரொட்டி என்றே சொல்கிறார்கள்.

இதையெல்லாம் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போகலாம். ஆனால் போன புதன்கிழமை அவர் பஜாருக்கு வந்தார். குடித்திருந்தார். "நாலு ஆம்பளைக்கு முன்னால சிரிச்சுக்கிட்டு நிக்கிறியா?" என்று கேட்டு மேசையை எட்டி உதைத்தார். கறிப்பாத்திரம் என் காலில் கவிழ்ந்தது. சூடாக இருந்தது. நான் குனிந்தபோது முடியைப் பிடித்து இழுத்து மேசை விளிம்பில் மோதினார். பல் ஒன்று உடைந்தது. பஜாரே பார்த்துக்கொண்டு நின்றது. மதுரன் ஓடிவந்து அவரைப் பிடித்துத் தள்ளினான். "குடும்ப விஷயம், நீ போடா" என்றார் அவர். அதைக் கேட்டதும் மற்ற எல்லாரும் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் கால் வீக்கத்தோடு மறுபடி போனேன். ரிஃப்னா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. உடைந்த பல்லோடு நின்று விற்றேன்.

நீ ஒக்டோபரில் வந்து பாக்கியை முடிக்கிறேன் என்கிறாய். நீ வந்து அவரைக் கொன்றால் நீ ஜெயிலுக்குப் போவாய், நான் கொலைகாரனின் அக்காவாக இந்த லயத்தில் இருப்பேன். அந்த நினைப்போடு வருவதாக இருந்தால் வராதே.

பூரணி


போர்ட் ஒஃப் ஸ்பெயின்
9 ஜூலை 2024

அக்கா,

இங்கே நகரத்துக்கு நடுவில் பெரிய மைதானம் ஒன்று இருக்கிறது. சாயங்காலம் அதன் ஓரமெல்லாம் கடை. சோளத்தையும் பருப்பையும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சிய சூப்பை வாங்கிக் குடித்துக்கொண்டே சுற்றி நடந்தேன். இளநீர் வெட்டும் லொறிக்குப் பக்கத்தில் ஒருவன் ஒரு பெண்ணை அறைந்தான். அவள் விழுந்தாள். அவன் காலைத் தூக்கினான்.

சூப் எங்கே விழுந்தது என்று தெரியாது. அவன்மேல் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினேன். தாடை நொறுங்கியது என் கைமுட்டிக்குத் தெரிந்தது. நிறுத்தவில்லை. எல்லாம் மச்சான் முகமாகவே தெரிந்தது. என் முதுகில் ஏதோ விழுந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண். செருப்பைக் கழற்றி என்னை அடித்துக்கொண்டிருந்தாள். "உன்னை யார் கேட்டது? உன்னை யார் கேட்டது?" என்று கத்தினாள். அவள் உதட்டிலிருந்தும் இரத்தம் வந்துகொண்டிருந்தது.

பொலிஸ் கூண்டில் இரண்டு நாள் கிடந்தேன். கப்பல்காரர்கள் வந்து எடுத்தார்கள். இனி ஒரு தடவை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்சாமி இப்போது எனக்கு விற்பதில்லை. என்னைக் கண்டால் அடுத்த ஆளைப் பார்க்கிறாள். அவள் பெட்டிக்கு முன்னால் ஏற்கனவே ஒரு பிணம் விழுந்திருக்கிறது. நானும் அந்த வகை ஆள் என்று நினைக்கிறாள் போல.

நான் செய்தது பிழை என்று இன்னமும் எழுத வரவில்லை. அவன் காலைத் தூக்கியதை நான் பார்த்தேன். ஆனால் நீ எழுதிய அதே வார்த்தையை அவளும் சொன்னாள். அது மண்டைக்குள் கிடக்கிறது. நான் என்ன செய்யட்டும் என்று நீ சொல். சொன்னதை மட்டும் செய்கிறேன்.

தர்ஷன்


கொட்டகலை
25 ஒகஸ்ட் 2024

தம்பி,

இதைப் படித்ததும் கிழித்துக் கடலில் போட்டுவிடு. ரிஃப்னா தன் போனில் உன்னைக் கூப்பிடச் சொன்னாள். போனைப் பொலிஸ் வாங்கிப் பார்க்கும் என்று பயந்து எழுதுகிறேன்.

நிலக்ஷியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு விடுவதாக அவர் ஒரு தரகனிடம் பேசி வைத்திருந்தார். எனக்குத் தெரியாது. போன ஞாயிறு விடியற்காலை நான் பாரா சுட்டுக்கொண்டிருந்தேன். "உடுப்ப எடுத்துக்கிட்டு கெளம்பு. ஆள் ரோட்டுல நிக்கிறான்" என்றார். பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. முடியைப் பிடித்து இழுத்தார். பிள்ளை விடவில்லை. சுவரில் சொருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை இடது கையால் எடுத்தான். "கைய விடுறியா, வெட்டட்டுமா? ஒன் மாமன் எனக்குச் செஞ்சத நான் ஒனக்குச் செய்றேன்" என்று அந்தச் சின்ன விரல்களுக்கு மேலே கத்தியை வைத்தான்.

நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதின்மூன்று வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை. "அழகுமுத்து!" என்றேன். பிள்ளையை விட்டுவிட்டுக் கத்தியோடு என் பக்கம் திரும்பினான். சட்டியின் இரண்டு காதையும் சேலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கி அவன்மேல் ஊற்றினேன்.

அந்தச் சத்தத்தை எழுத முடியாது. கழுத்து, தோள், ஒரு பக்க முகம். தோல் சட்டையோடு வந்தது. அவன் உருண்ட இடமெல்லாம் நான் சுட்டு வைத்திருந்த பாரா கிடந்தது. நிலக்ஷி என் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள். எனக்குக் கை எரிவதே தெரியவில்லை. சட்டியைக் கீழே வைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அவன் சாகவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறான். பொலிஸ் கேட்டதற்கு என்ன சொல்லியிருக்கிறான் தெரியுமா? "மச்சினன் வெளிநாட்டுலேருந்து ஆள் வச்சு ஊத்திட்டான். மூஞ்சிய மூடிக்கிட்டு ஒருத்தன் வந்தான்." பெண்டாட்டி ஊற்றினாள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அடுத்த வீட்டு ராக்காயி அக்காவும், "ஆமாங்க ஐயா, ஒருத்தன் ஓடுனத நாங்களும் பாத்தோம்" என்று சொல்லிவிட்டார். முழு லயமும் அதையே சொல்கிறது. என்னைக் காப்பாற்றத்தான். எல்லாரும் என்னிடம், "நீ வாயத் தொறக்காத" என்கிறார்கள். நானும் திறக்கவில்லை.

நீ வந்தால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். ஒக்டோபரில் வராதே.

பூரணி


போர்ட் ஒஃப் ஸ்பெயின்
26 செப்டம்பர் 2024

அக்கா,

வாயைத் திறக்காதே. அப்படியே இருக்கட்டும். ஆள் வைத்துச் செய்தது நான்தான் என்றே இருக்கட்டும். விரலை வெட்டியவன் எண்ணெயையும் ஊற்றியிருப்பான் என்றால் எவனும் நம்புவான். உனக்குப் பிள்ளை இருக்கிறது. எனக்கு யார்? ஒப்பந்தத்தை இன்னும் நீட்டித் தரக் கேட்டிருக்கிறேன். வராமலே இருந்துவிடுகிறேன். இங்கேயே நடந்து, இங்கேயே தின்று, இங்கேயே கிடந்துவிட்டுப் போகிறேன்.

உன் கையில் என்ன மருந்து போடுகிறாய்? எழுது.

தர்ஷன்


கொட்டகலை
10 நவம்பர் 2024

தர்ஷன்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டேன்.

உன்னைப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் உன் கூட்டாளியைப் பிடித்தார்கள். பஜாரில் அன்று அழகுமுத்துவைத் தள்ளியவன் மதுரன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முகத்தை மூடிக்கொண்டு வந்தவன் நீதானே என்று கேட்டு அவன் உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அவன் அம்மா நிஷாந்தி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். திட்டவில்லை. "புள்ள நிக்க முடியாம சுவத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான், பூரணி" என்றார். அவ்வளவுதான். அவருக்கு எல்லாம் தெரியும். லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

மேசையை அப்படியே விட்டுவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். ரிஃப்னா பின்னால் ஓடிவந்தாள். "யோசிச்சுப் பாரு. நிலக்ஷி என்ன செய்வா?" என்றாள். "ஒங்கூட இருப்பா" என்றேன். அவள் கூடவே வந்தாள்.

பொலிஸில் இருந்த ஐயாவிடம் சிங்களத்தில் சொன்னேன், ஊற்றியது நான் என்று. அவர் சிரித்தார். தம்பியைக் காப்பாற்ற வந்திருக்கிறாய், வீட்டுக்குப் போ என்றார். கையை விரித்துக் காட்டினேன். சட்டியின் காது இரண்டு உள்ளங்கையிலும் சிவந்த தழும்பாகப் பதிந்திருந்தது. சட்டியை மேசைமேல் வைத்து, அந்தத் தழும்பின் மேல் பொருந்தத் தூக்கிக் காட்டினேன். பிறகு அவர் சிரிக்கவில்லை.

மதுரனை விட்டுவிட்டார்கள். ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். என்னை விசாரணைக் கைதியாக விளக்கமறியலில் வைத்தார்கள். அங்கே ஒருத்தி என் பாயைப் பிடுங்க வந்து கையைக் கடித்தாள். நானும் கடித்தேன். உன்னிடம் இருக்கும் அந்த வெறி என்னிடமும் இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். அதை நினைத்துப் பெருமையும் இல்லை. பாதி முகம் வெந்த ஒருவன் என்னால் கண்ணாடி பார்க்க முடியாமல் இருக்கிறான். இரவில் அந்தச் சத்தம் கேட்கிறது. அதற்காக, ஊற்றாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

போன வாரம் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். அவனையும் கட்டோடு கூட்டி வந்தார்கள். நீதவான் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "ஊற்றியது யார்?" அவன் தரையைப் பார்த்தான். மூடிய முகம் என்று மறுபடி தொடங்கினான். நான் கூண்டிலிருந்து, "சொல்லுங்க. ஒங்க வாயாலேயே சொல்லுங்க. கத்திய எங்க வச்சிருந்தீங்கன்னும் சேத்துச் சொல்லுங்க" என்றேன். பேசக்கூடாது என்று அதட்டினார்கள். ஆனால் அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டான். அவன் என்னைப் பார்த்துப் பயந்ததை அன்றுதான் பார்த்தேன். "அவதான்" என்றான். "கத்தி?" என்று கேட்டார்கள். மறுபடி தரையைப் பார்த்து, "புள்ள வெரலு மேல வச்சிருந்தேன்" என்றான்.

பின்னால் வாங்கில் இருந்த ராக்காயி அக்கா எழுந்து நின்று, தான் முன்பு சொன்னது பொய் என்று சத்தமாகச் சொன்னார். உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை.

பிணை கிடைத்தது. பக்கீர் நானா கையெழுத்துப் போட்டார். நானும் நிலக்ஷியும் ரிஃப்னா வீட்டுப் பின்னறையில் இருக்கிறோம். எங்கள் பக்கம் வரக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு. என்மேல் உள்ள வழக்கு முடியவில்லை. தண்டனை வந்தாலும் வரலாம் என்று சட்டத்தரணி சொல்கிறார். தற்காப்பு என்று வாதாடப் போகிறாராம்.

இனி உன்னை யாரும் தேட மாட்டார்கள். வருவதென்றால் வா. முதலில் மதுரன் வீட்டுக்குப் போ, அவன் அம்மாவின் முகத்தைப் பார். ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே. அடுத்த தவணைக்கு என்னோடு நீதிமன்றத்துக்கு வா. நிலக்ஷியைப் பிடித்துக்கொண்டு வெளியே நில். உள்ளே நான் பேசிக்கொள்கிறேன்.

பூரணி